பசியறிந்து உண்ணும் நெறி

சன்மார்க்க நெறியில் உடம்பு இகழ்ந்து ஒதுக்க வேண்டிய பொருள் அல்ல. உயிர் இறைவனை அறிவதற்குக் கிடைத்த கருவி அது. ஆகவே அதைப் பேணுவதும் வழிபாட்டில் அடங்கும். இந்நெறியை வகுத்தவரும் 1823-ஆம் ஆண்டு மருதூரில் அவதரித்தவருமான வள்ளலார் இராமலிங்க அடிகள், அருட்பா பாடிய அதே அக்கறையோடு அரிசி, கீரை, வெந்நீர் பற்றியும் எழுதினார். அவருடைய ‘நித்திய கரும விதி’, விடியுமுன் எழுவதில் தொடங்கி இரவில் படுப்பது வரை அன்றாட வாழ்வை வகுத்துச் சொல்கிறது.

அந்த விதிகளின் வேர் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலில் இருக்கிறது. பசி வந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை அந்நூல் உறுப்பு உறுப்பாகச் சொல்கிறது. அறிவு மயங்குகிறது, கண் குழிகிறது, காது அடைக்கிறது, நா வறள்கிறது, கைகால் துவள்கின்றன. இறைவனை நினைக்கும் ஆற்றலே அப்போது போய்விடுகிறது. பசித்திருப்பவருக்கு உபதேசம் செய்வதைவிட முதலில் சோறு போடுவதே அறம் என்ற முடிவு இங்கிருந்து பிறக்கிறது. தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கு அன்னமிடுவதையும் வள்ளலார் ஏற்கவில்லை. வீட்டாரின் பசியை ஆற்றிய பிறகே அயலார் பசி. இல்லறத்தாருக்கு இதைவிட நேர்மையான வழிகாட்டல் அரிது.

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் வடபகுதிகள் கொடும் பஞ்சத்தைக் கண்டிருந்தன. சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவர் எல்லோருக்கும் அங்கே இலை போடப்பட்டது. கிறித்தவ, இஸ்லாமியப் பெருமக்களுக்கும் அந்தப் பந்தியில் இடம் உண்டு.

பிறருக்குச் சோறு இடுபவர் தாம் எப்படி உண்ண வேண்டும்? புலால் அறவே கூடாது. கொல்லாமை இந்நெறியின் முதல் படி. சோறு குழையாமலும் விறைக்காமலும் நடுத்தரமாக இருக்க வேண்டும். சீரகச் சம்பா கிடைத்தால் நல்லது. அதிகமாகவும் உண்ணாமல் குறைவாகவும் உண்ணாமல் அளவறிந்து கொள்வதே முறை. ஐயம் வந்தால் ஒரு பிடி குறைவாக உண்பதே நன்மை. புளியும் மிளகாயும் சிறிதளவு, உப்பு குறைவு, மிளகும் சீரகமும் தாராளம். கத்தரி, அவரை, முருங்கை, பீர்க்கு, புடலை போன்ற நாட்டுக் காய்கள் போதும். கிழங்குகளில் கருணைக்கிழங்கு மட்டும் விலக்கு இல்லாதது. பழைய கறியைச் சூடாக்கி உண்ணக் கூடாது. குடிப்பதற்கு வெந்நீர், அதுவும் உணவின் மேல் அளவாக. உண்ட பின் சற்று உலாவலாம், ஆனால் பகல் தூக்கம் வேண்டாம். இரவில் இடப்பக்கமாகப் படுக்க வேண்டும்.

இவற்றுள் கீரைக்குத் தனி இடம் உண்டு. மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியை அவர் பொற்றலைக் கையாந்தகரை என்று குறிப்பிட்டு, அதைத் தலையாய மூலிகையாகக் கொண்டார். அதன் இலை ஒரு பங்கு. தூதுவளை இலை, முசுமுசுக்கை இலை, சீரகம் மூன்றும் கால் பங்கு வீதம். இவற்றைப் பொடித்து, நீரும் அதே அளவு பசும்பாலும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நீர் சுண்டிப் பால் மட்டும் நின்றதும் நாட்டுச் சர்க்கரை கலந்து காலையில் பருக வேண்டும். தூதுவளைக்கு இலையிலும் தண்டிலும் முள் உண்டு. நிழலில் உலர்த்தி இடிக்கும் முன் முள்ளை நீக்குவது வழக்கம். வேலியோரத்தில் தானே படரும் கொடிகளை அன்றாட உணவாக்கியது ஏழைக்கும் எட்டும் வழி.

இந்த விதிகள் சாதனையில் முனைந்தவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. பழங்களில் பேயன், ரஸ்தாளி வாழைப்பழங்களைச் சிறிதளவு மட்டுமே அவை அனுமதிக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் பழவகைகள் இன்றியமையாதவை என்பது இன்றைய மருத்துவம். அவர்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டைத் திணிப்பது ஜீவகாருண்யம் ஆகாது. சர்க்கரை நோயாளர் நாட்டுச் சர்க்கரையைத் தவிர்ப்பதே சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தச் சூரணத்தையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொட வேண்டும். மற்றபடி, உப்பைக் குறைத்தல், அளவறிந்து உண்ணல், கீரையை நாள்தோறும் சேர்த்தல், உண்டபின் நடத்தல் ஆகியவை எந்த மருத்துவரும் சொல்லும் அறிவுரைகளே.

உணவு மட்டும் சீரானால் போதும் என்று வள்ளலார் விடவில்லை. ஆகாரம் அரைப் பங்கு என்றால் நித்திரை அதிலும் குறைவு, இன்பநுகர்ச்சி இன்னும் குறைவு, அச்சம் அறவே இல்லை என்று ஒரு கணக்கு வகுத்தார். உரத்துப் பேசுதல், வேகமாக ஓடி நடத்தல், வழக்காடுதல், கோபம், பொறாமை எல்லாம் உடம்பைக் கெடுப்பவை என்று உணவு விதிகளோடு சேர்த்தே எழுதினார். சினந்து கொண்டு உண்ட சோறு செரிக்காது என்பது வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் கண்டறிந்த உண்மை. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பார்த்தபடி உண்பவருக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. எவ்வளவு உண்டோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை. பரபரப்பின்றி, இறைவனை நினைந்து, மென்று உண்பது சன்மார்க்கம் கேட்கும் தியானம்.

இந்நெறியை ஏற்க விரும்பும் குடும்பத்தார் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். இரவுச் சாப்பாட்டைக் குறைத்து நேரத்தோடு முடிப்பதும், வாரத்தில் சில நாள் கரிசலாங்கண்ணிக் கீரை சமைப்பதும், மிச்சப்படும் அரிசியை மாதம் ஒருமுறை பசித்தவர் கையில் சேர்ப்பதும் தொடக்கமாகட்டும். வடலூர் தருமச்சாலைக்கு அரிசி, பருப்பு, காய்கறி கொண்டு செல்பவர்களுக்கு அதன் கதவு என்றும் திறந்தே இருக்கிறது.