இல்லாத தொடரும் இருக்கும் மனிதரும்

பொய் என்பது யாது? இல்லாததை இருப்பதாகக் கூறுவது என உடனே விடை பகர்கிறோம். அவ்விடை போதுமா?

2011ஆம் ஆண்டில் 'கம்யூனிட்டி' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், கதைமாந்தர் மற்றொரு தொடரைக் கண்டு மகிழும் காட்சி இடம்பெற்றது. அதன் பெயர் 'இன்ஸ்பெக்டர் ஸ்பேஸ்டைம்'. 1962 முதல் பிரிட்டனில் ஒளிபரப்பாகி வருவதாம். உண்மையில் அப்படியொரு தொடரே இல்லை. 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வைப் பகடி செய்த கற்பனை அது. திரையில் அன்று தோன்றியது சிறு துணுக்கே. எஞ்சிய அரை நூற்றாண்டு வரலாற்றை ரசிகர்களே கூடிப் படைத்தனர்: கதைகள், பகைவர்கள், நாயகனாக மாறி மாறி நடித்தோர்.

இது பொய்யன்று. கற்பனை என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிவர். அறியாத ஒருவர் வந்து வினவினால் உண்மையை உரைப்பதே கடன். அவரை ஏமாறவிட்டு நகைக்கும் கணத்தில் விளையாட்டு பொய்யாகிறது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. ஒப்பிட மூலம் இல்லாமையால், இங்கே முன்னவர் சொல்லே பின்னவர்க்கு அளவுகோல். அதற்கு இயையப் புனைந்தால் போதும். அது 'உண்மை' ஆகிவிடும்.

அன்பர்களே, புறங்கூறலும் இவ்வாறே வளர்கிறது அன்றோ? ஒருவர் தொடங்குகிறார், அடுத்தவர் அதற்குப் பொருந்த ஒன்றைச் சேர்க்கிறார். பொருந்துவதாலேயே நம்புகிறோம். ஆனால் இங்கே மூலம் உண்டு. அவர் நம் அண்டைவீட்டில் வாழ்கிறார். அவரிடம் கேட்டோமா?