வயிற்றின் கதையும் நானூறு உயிர்களும்

சமுதாயத்தை ஓர் உடலுக்கு ஒப்பிடுதல் பழைய வழக்கம். ஒப்பிடுபவர் எவர், அவ்வுடலில் தமக்கென அவர் ஒதுக்கிக்கொள்ளும் இடம் யாது என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

கி. மு. 494 இல் உரோமாபுரியின் பொதுமக்களாகிய பிளேபியர், கடன் கொடுமை தாளாது நகரைவிட்டு நீங்கிப் புனித மலையிற் கூடினர் என்பார் லிவி. உயர்குடிப் பற்றீசியர் விடுத்த தூதுவனான மெனெனியஸ் அக்ரிப்பா அவர்களுக்கு ஒரு கதை சொன்னான். உழைக்காது உண்ணும் வயிற்றின்மேற் சினந்து, கையும் வாயும் பல்லும் தம் தொழிலை நிறுத்தின. உடல் முழுவதுமே நலிந்தது. வயிறே எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டமளிக்கிறது என்பதே அவன் கூறவந்த நீதி.

பிளேபியரோ கதையை மட்டும் கேட்டுத் திரும்பவில்லை; தம்மைக் காக்கும் திரிபியூன்களைப் பெற்றே திரும்பினர். கி. மு. 445 இல் பற்றீசியரோடு மணவுறவு கொள்ளும் உரிமை, 367 இல் கொன்சல் பதவி, 287 இல் தம் அவையின் முடிவுகள் நாட்டோர் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்னும் சட்டம் ஆகியவற்றைப் போராடியே வென்றனர். ஆயினும் உயர்பதவிகளை எய்தியோர் பெரும்பாலும் செல்வப் பிளேபியரே. பழைய பிரபுக்களுடன் கலந்து அவர்களும் பிரபுக்களாயினர்.

அடிமையோ அவ்வுடலில் ஓர் உறுப்பாகவும் எண்ணப்படவில்லை. வர்ரோவின் வேளாண்மை நூல் தரும் பாகுபாடு ஒன்றில் வண்டி ஊமைக் கருவி. எருது அரைகுறையாய்க் குரலெழுப்பும் கருவி. அடிமை பேசுங் கருவி.

கி. பி. 61 இல் நகரத் தலைவன் பெடானியஸ் செகுண்டஸை அவனுடைய அடிமை ஒருவன் கொன்றான். தலைவன் கொலையுண்டால் அவ்வீட்டு அடிமைகள் யாவரையும் கொல்லவேண்டும் என்பது பழைய வழக்கம். அவ்வீட்டில் இருந்தோர் நானூறு பேர்; அவருட் பெரும்பாலோர் குற்றமற்றவர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. சிலர்க்கு நேரும் அநீதியைப் பொதுநலன் ஈடுசெய்யும் எனச் செனற் சபையில் வாதிட்டான் கசியஸ். சபை அவன் பக்கமே சாய்ந்தது. கல்லும் தீப்பந்தமும் ஏந்தி அதை எதிர்த்துத் திரண்டோர் தெருவிலிருந்த எளிய மக்கள். நீரோ வழிநெடுகப் படைவீரரை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான்.

உறுப்பொன்று வெட்டுண்ணும்போது வலியை உணர்வதன்றோ உடல்? அன்று வலியை உணர்ந்தது பொதுநலம் பேசிய சபையன்று. சட்டத்தால் அடிமையோடு எவ்வகையிலும் பிணைக்கப்படாத தெருவே. மக்களின் ஒருமைப்பாட்டை மேலோர் கூறும் உவமையிலன்றி, அந்தத் தெருவிலேயே நாம் தேடுதல் வேண்டும். ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக வயிற்றின் கதையை மாணவர்க்குக் கூறும் நாம், அந்நானூறு பேரின் கதையையும் உடன் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.