உழைப்பால் வரும் நோய்க்கு யார் பொறுப்பு?



ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். மாரடைப்பு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் அன்பரைப் பற்றிப் பேச்சுத் திரும்பியது. வயது நாற்பத்தாறு. பகலில் களஞ்சியசாலையில் வேலை. கிழமையில் நாலு இரவு பெற்றோல் நிலையத்தில் வேலை. "பாவம், உடம்பைக் கவனிக்கவில்லை" என்றார் ஒருவர். "எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறைத்திருக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். பக்கத்தில் இருந்த மூத்தவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வேலை ஒருத்தரையும் கொல்லாது தம்பி. எங்கட அப்பு விடியக்காலம் நாலு மணிக்குத் துலா மிதிக்கப் போனவர். கடைசி மட்டும் ஒரு தலையிடி, காய்ச்சல் எண்டு படுத்ததில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. ஒருவருடைய வேலை அவருக்கு நோயைத் தருமானால், அதற்கு அவர் மட்டும்தான் பொறுப்பா? அந்த வேலையை ஒழுங்கு செய்தவருக்கும் அதில் பங்கு உண்டா?

இது புதிய கேள்வியல்ல. 1700 ஆம் ஆண்டில் பெர்னார்தினோ ராமாசினி என்ற இத்தாலிய வைத்தியர், தொழிலாளரின் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் வைத்தியர் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அன்று எங்கள் மண்டபத்தில் அந்த அன்பரின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டோம். அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை ஆழமாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, நாம் வாழும் இலண்டன் மாநகரமே. 1967 இல் வைற்ஹோல் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்த சுமார் 18,000 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. எம்மவரிடையே அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்று ஒரு பழமொழி உண்டு. அப்படிப்பட்ட உத்தியோகம்தான் இவர்களுடையது. சுரங்கத்தில் இறங்குபவர் இல்லை. நச்சுப் புகையைச் சுவாசிப்பவர் இல்லை. நிரந்தர வேலை, ஓய்வூதியம், இலவச வைத்தியம் எல்லாம் உண்டு. இருந்தும், பத்தாண்டுகளில் இறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, கீழ்ப்படியில் இருந்த வாயிற்காவலர், தூதுவர் போன்றவர்களின் இறப்பு விகிதம், உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளின் விகிதத்தைப் போல் மூன்று மடங்கு என்று தெரியவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இது ஏழை, பணக்காரன் என்ற இரண்டு பிரிவு அல்ல. ஏணிப்படி போல அமைந்த வேறுபாடு. உச்சியிலிருந்து ஒரு படி கீழே இருந்தவருக்கு, அவரும் நல்ல சம்பளக்காரர்தான், மேலே இருந்தவரை விட ஆபத்து அதிகம். அடுத்த படியில் இருந்த இலிகிதருக்கு இன்னும் அதிகம். அப்படியானால் கீழே இருந்தவர்கள் கூடுதலாகப் புகைபிடித்தார்களா? ஆம், பிடித்தார்கள். ஆனால் புகைத்தல், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பின்னும், இருதய நோயில் கண்ட வேறுபாட்டின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே விளக்கம் கிடைத்தது.

மிகுதிக்குக் காரணம் என்ன? இதை அறிய 1985 இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. மைக்கேல் மார்மொட் தலைமையில், 20 திணைக்களங்களைச் சேர்ந்த 10,308 ஆண்களும் பெண்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். 1997 இல் வெளியான முடிவுகளில் ஒரு விடயம் முன்னால் நின்றது. தம் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தமக்குச் சொல் இல்லாதவர்களுக்கே இருதய நோய் கூடுதலாக வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ரொபேட் கராசெக் 1979 இலேயே ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருந்தார். பாரம் அதிகம், அதிகாரம் குறைவு என்ற இரண்டும் ஒருவர் தலையில் சேர்ந்து விழும்போதே வேலை ஆளை அரிக்கிறது என்பது அவர் கருத்து. யோகனஸ் சீக்றிஸ்ற் 1996 இல் இன்னொன்றைச் சேர்த்தார். கொடுக்கும் உழைப்புக்கு ஏற்ற சம்பளமோ, மதிப்போ, நிச்சயமோ திரும்பக் கிடைக்காவிட்டால் அதுவும் உடம்பைத் தாக்கும் என்றார்.

வேலையின் நீளமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. 2021 இல் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2016 ஆம் ஆண்டில் மட்டும், நீண்ட நேர வேலையோடு தொடர்புபட்ட பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,45,000 பேர் என்று அது கூறியது. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவரை விட, பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம். எம் மத்தியில் இரண்டு வேலை செய்பவர்கள் தங்கள் மணித்தியாலங்களை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

இனி அந்த மூத்தவரின் அப்புவிடம் வருவோம். அவர் கடுமையாக உழைத்தார் என்பது உண்மை. ஆனால் தோட்டம் அவருடையது. மிளகாய் நடுவதா, புகையிலை நடுவதா என்று தீர்மானித்தவர் அவர். வெயில் ஏறியதும் மரநிழலில் துண்டை விரித்துப் படுக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆகவே அவருடைய கதை இந்த ஆய்வுகளுக்கு எதிரான சாட்சி அல்ல, சார்பான சாட்சி. அதோடு இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அதே தோட்டத்தில் நாட்கூலிக்கு இறைத்துவிட்டுப் போனவர் எத்தனை வயது வரை இருந்தார்? அவருடைய வருத்தங்களை நாம் கணக்கெடுத்தோமா? நாம் நினைவில் வைத்திருப்பது காணிக்காரரின் ஆரோக்கியத்தை மட்டும்தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 2012 இல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் இரண்டு இலட்சம் பேரைப் பார்த்தபோது, வேலை நெருக்கடியால் இருதய நோயின் ஆபத்து ஏறக்குறைய 23 வீதமே கூடியது. புகைத்தலின் தீங்கு இதைவிட எவ்வளவோ பெரியது. ஆகவே வேலையைக் குற்றம் சொல்லிக்கொண்டு ஒருவர் சிகரெட்டைக் கைவிடாமல் இருக்க முடியாது. அது மட்டுமல்ல. இன்னார் கொடுத்த வேலையால்தான் இவருக்கு மாரடைப்பு வந்தது என்று எந்த வைத்தியராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் தீங்கு தெரிகிறது. ஒரு ஆளைப் பார்த்தால் தெரிவதில்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

ஊரில் கட்டில்லாக் கிணறு வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளை விழும் என்று அவருக்குத் தெரியாது. ஒருவரும் விழாமலும் போகலாம். அதற்காக, "யார் விழுவார் என்று காட்டுங்கள், பிறகு கட்டுகிறேன்" என்று அவர் சொல்லலாமா? சொன்னால் அயலார் ஏற்பார்களா? கொலைகாரன் என்று அவரை எவரும் அழைக்கமாட்டார்கள். ஆனாலும் கட்டுக் கட்டுவது அவர் கடமை. வேலை கொடுப்பவரின் பொறுப்பும் அப்படிப்பட்டதே என்பது என் தாழ்மையான கருத்து. தீங்கு வரக்கூடும் என்று அறிந்த நாளிலிருந்து அந்தக் கடமை தொடங்குகிறது.

நான் சிரிக்காத காரணத்தை இப்போது சொல்கிறேன். 1996 இல் நான் ஒரு சிறிய கடை வைத்திருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் என்னிடம் வேலை செய்தார். எந்த நாள், எந்த நேரம் வேலை என்பதை ஞாயிறு இரவுதான் அவருக்குச் சொல்வேன். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணை, ஒரு கிழமை முந்திச் சொன்னால் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகலாம்." சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. வேலையைக் குறைக்கவும் கேட்கவில்லை. "விருப்பமெண்டால் நில், ஆள் வரிசையில நிக்குது" என்றேன். அவர் பேசாமல் போய்ப் பெட்டிகளை அடுக்கினார். ஒரு வருடத்தில் வேறு இடம் போய்விட்டார். பின்னர் அவருக்கு ஏதும் வருத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு சதமும் செலவாகியிராது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

எம்மில் பலர் இன்று கடை முதலாளிகள், மேற்பார்வையாளர்கள், முகாமையாளர்கள். எமது ஆலயங்களும் வேலை கொடுக்கும் இடங்களே. குருக்களும், மடைப்பள்ளியில் சமைப்பவரும், நாதஸ்வர, தவில் கலைஞர்களும் எம்மை நம்பிக் கடல் கடந்து வருகிறார்கள். விசாவே சங்கத்தின் கையெழுத்தில் தங்கியிருக்கும் ஒருவர், திருவிழாக் காலத்தில் "இன்று முடியாது" என்று சொல்லத் துணிவாரா? அவர் சொல்லமாட்டார் என்பதால் நாம்தான் கேட்க வேண்டும். தொண்டு என்பது வேறு. தானாக விரும்பி வந்து விடிய விடியக் காய்கறி நறுக்குபவருக்கு அந்தக் களைப்பும் இனிக்கும். விரும்பித்தான் வந்தாரா என்பதையும் இடைக்கிடை விசாரிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். வேலையை எப்படிச் செய்வதென்று செய்பவரையே கேட்கலாம். கிழமையில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கலாம். நாலு பேர் முன்னிலையில் நன்றி சொல்லலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எமக்காக உழைப்பவரின் சுவரும் சுவர்தான்.

அந்த அன்பர் இப்போது சுகமாகி வீடு திரும்பியுள்ளார். அடுத்த முறை அவரைக் கோயிலில் காணும்போது, சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காமல், அவருடைய வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்போம்.