மடியில் வந்த சங்கும் கையில் வந்த சங்கும்

ஆண்டிமடம் போன்ற கடல் காணாத ஊர்களில் சங்கு பெரும்பாலும் கோயிலில்தான் கண்ணில் படும். கார்த்திகைச் சோமவாரத்தில் நெல் பரப்பி அடுக்கிய 108 சங்கைக் கும்பிடுகிறவர்களில், அவை மன்னார் வளைகுடா மணலில் ஊர்ந்த உயிர்கள் என்று நினைப்பவர் அபூர்வம். மேலே வந்த வழி இரண்டு: ஒன்று, குளியாள் மூழ்கிக் கையால் எடுத்தது, மற்றது, விசைப்படகின் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு வந்தது. எப்படியும் சங்கு சாகிறது. அப்படியிருக்க, எடுக்கும் விதத்தில் தர்ம வித்தியாசம் ஏதும் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

வழக்கமான காரணம் கடலடிச் சேதக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் போர்ட் பிலிப் விரிகுடாவில் விசிறிச் சிப்பியை இரும்பு வாரியால் வாருவதை 1996இல் நிறுத்தினார்கள். மூழ்கிக் கையால் எடுப்பதற்குத் தடையில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் நாளைக்கே கடலடியைக் கீறாத மடி ஒன்று வந்துவிட்டால் அந்த வாதம் முடிந்துபோகும். அறக் கேள்வி அப்போதும் பாக்கி நிற்கும்.

சங்கின் முட்டைக்கூடு ஆட்டுக்கொம்பு போல முறுக்கி, அடி மணலில் புதைந்து நிற்கும். அதிலிருந்து குஞ்சுகள் சங்கு வடிவத்திலேயே ஊர்ந்து வெளிவருகின்றன. பல சிப்பிகளின் குஞ்சுகளைப் போல நீரோட்டத்தில் மிதந்து வேறு இடம் போய்ச் சேர்வதில்லை. ஓரிடம் வழித்தெடுக்கப்பட்டால் அங்கே மறுபடி சங்கு பெருக நாளாகும். மூழ்கும் குளியாளுக்குக் கூடும் தெரியும், குஞ்சும் தெரியும். ஒவ்வொரு சங்கின் முன்னும் ‘இது வேண்டாம்’ என்று கையை இழுத்துக்கொள்ள அவனுக்கு ஒரு கணம் இருக்கிறது. மடிக்கு அந்தக் கணம் இல்லை. எதையும் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ‘இறாலுக்குத்தான் போட்டேன், மற்றது தானாக வந்தது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது பகையைக் கேட்கவில்லை; கவனமின்மையால் உயிர் போக்குவதையே இம்சை என்கிறது. சமண முனிவர் தரையைப் பார்த்து நடப்பதும் அதனால்தான். கடலடியைப் பாராமல் இழுப்பது அந்தக் கவனமின்மையையே தொழிலாக்கிக்கொள்வது.

சாகிற சங்குக்கு இந்த நுணுக்கத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். அதற்கு ஒன்றுமில்லை, விட்டுவிடப்பட்ட பக்கத்துச் சங்குக்கு உண்டு. இன்னும் கூர்மையான ஆட்சேபம் குளியாளைப் பற்றியது. கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் நடப்பவன் மடிக்குக் குறையாமல் துடைத்தெடுக்க முடியும். மூட்டு மடங்காமல் முடங்கிப்போகும் ஆபத்தும் அவனுக்கே. இதை மறுக்க முடியாது. கை தன்னளவில் புனிதமானது அல்ல. பழைய குளிப்பில் மூச்சு ஓர் எல்லை வைத்தது. அரசு சங்கு வாங்கிய காலத்தில் அளவு பார்க்கும் துளைக்குள் நுழையுமளவு சிறிய குஞ்சு திரும்பக் கடலுக்குப் போனது இன்னோர் எல்லை. எல்லை போனபின் எஞ்சுவது வெறும் திறமை. ஆனாலும் கம்ப்ரசர்காரனிடம் ‘சின்னதை விடு’ என்று சொல்லலாம், அவனால் விடவும் முடியும். ஓடும் மடியிடம் யார் சொல்வது? மேல்தளத்தில் கொட்டிப் பிரித்துத் திருப்பி எறிந்தாலும், சங்கு விழும் இடம் அது பிழைக்கும் மணலாக இருக்க வேண்டுமே! மடிக்காரரைக் குற்றவாளியாக்குவதும் என் நோக்கமல்ல. டீசலும் கடனும் அவரைத் துரத்துகின்றன.

வள்ளுவர் புலால் மறுத்தலில் வாங்குபவனையும் கணக்கில் சேர்க்கிறார். சங்கில் பெரும்பங்கு வங்காளத்து வளையலுக்குப் போகிறது, கோயில் வாங்குவது சொற்பம், ஒருமுறை வாங்கினால் தலைமுறைக்கும் வரும் என்பார்கள். சரி, அப்படி அபூர்வமாக வாங்குகிறவர்களுக்கு விசாரிக்க அவகாசமும் அதிகம். சங்கு வாங்கித் தரும் உபயதாரர் வெண்மையும் எடையும் பார்த்து விலை பேசுகிறார். எப்படி எடுத்தது என்பதையும் கூடவே கேட்கலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குச் சங்கு தரும் கீழக்கரை வியாபாரிக்குத் தெரியும்.