வில்லப்பா முகத்துவாரமும் தீமை பற்றிய கேள்வியும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வில்லப்பா விரிகுடா பசிபிக் கடலோடு சேரும் வாயின் வடகரையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடல் அரித்துவருகிறது. சராசரியாக ஆண்டுக்கு 30 மீட்டர் அளவுக்குக் கரை பின்வாங்கியிருக்கிறது. ஷோல்வாட்டர் முனையில் 1858-இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் 1940-இல் இடிந்து விழுந்தது. நார்த் கோவ் என்ற ஊரின் வீடுகளும் சாலையும் கடலுக்குள் போயின. இடுகாட்டையே பெயர்த்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது.

ஏற்றவற்ற நீர் புகுந்து வடியும் ஆழமான கால்வாய் வடக்கு நோக்கி நகர்ந்ததே முதன்மைக் காரணம். கால்வாய் நெருங்க நெருங்கக் கரையின் அடி கரைந்து மேல்மண் சரிகிறது. சரிந்த மணல் அழிந்துவிடுவதில்லை. முகத்துவாரத்துத் திட்டுகளிலும் அயல் கரைகளிலும் படிகிறது.

இதைத் தீமை என்று சொல்லலாமா? 1710-இல் வெளிவந்த நூலில் மெய்யியலாளர் லைப்னிட்ஸ் துன்பமாகிய தீமையையும் பாவமாகிய தீமையையும் பிரித்துக் காட்டி, இரண்டுக்கும் இடமளிக்கும் இறைவனின் நீதியை நிலைநாட்ட முயன்றார். 1755-இல் புனிதர் அனைவர் திருநாளன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. லைப்னிட்ஸ் தந்த விளக்கம் இனி யாருக்கு ஆறுதல் தரும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கவிதை வழியே கேட்டார். 1756-இல் சிந்தனையாளர் ரூசோ அவருக்கு எழுதிய கடிதம் கேள்வியையே திருப்பியது: அத்தனை மாடி வீடுகளை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே.

வில்லப்பாவில் ரூசோவின் வாதம் பாதி தூரம்தான் செல்லும். கடலைப் பார்த்து மனை வாங்கியவருக்கு அது பொருந்தலாம். இதே கரையில் வாழும் ஷோல்வாட்டர் விரிகுடாப் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களின் முன்னோர் மீனும் சிப்பியும் கிடைத்த பருவத்துக்கேற்ப விரிகுடா நெடுகிலும் இடம் மாறி வாழ்ந்தவர்கள். 1866-இல் அமெரிக்க அரசாணை சுமார் 335 ஏக்கரை அவர்களுக்கென ஒதுக்கி எல்லை வகுத்தது. கரை நகரும், எல்லைக்கோடு நகராது. கடலின் இயல்பான அசைவு அவர்களுக்கு அநீதியாக மாறியது இந்த இடைவெளியில்தான். இதில் இறைவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குமுன் அந்தக் கோட்டை வரைந்தவர்களை விசாரிப்பதே முறை.

இயற்கையின் பங்கும்கூட முழுக்க இயற்கையுடையதன்று. இக்கரைக்கு மணல் தருவது தெற்கே கடலில் கலக்கும் கொலம்பியா ஆறு; அதன் அணைகள் மணல் வரத்தைக் குறைத்துவிட்டன. ஆகவே லைப்னிட்ஸ் பிரித்த இரண்டு தீமைகளையும் இந்த முகத்துவாரத்தில் தனித்தனியே எடுத்துக்காட்ட முடியாது.

அண்மை ஆண்டுகளில் நார்த் கோவ் மக்கள் அலையோடு உருண்டு இடம் மாறக்கூடிய கற்களைக் கரையில் கொட்டி அரிப்பின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். பழங்குடியினரோ மேட்டு நிலத்தில் குடியேறத் திட்டமிட்டு வருகிறார்கள். அங்கே போவதற்கான செலவில் 1866-இன் எல்லையை வகுத்த அரசுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது நீதி சார்ந்த கேள்வியாகவே நிற்கிறது.