முகமூடி அணிந்த நல்லவன் பொய்யனா?



நன்மை செய்கிறவன் தன்னை மறைத்துக் கொள்ளலாமா? மறைப்பதற்காகப் பொய் சொல்லலாமா? சொன்னால் அந்தப் பொய்யின் பற்று யார் பேரில் எழுதப்படும்?

நம் பிள்ளைகள் ஆசையோடு பார்க்கும் சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் கதைகளுக்குள் இந்தக் கேள்வி ஒளிந்து கிடக்கிறது. விளையாட்டுக் கதைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாணயத்தையே முதலாக வைத்துப் பிழைக்கிற வியாபாரிகளாகிய நாம் தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

முதலில் சூப்பர்மேன். அமெரிக்காவில் ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் படம் வரைய, 1938-ஆம் ஆண்டில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் இவன் வெளிவந்தான். இதழின் விலை 10 சென்ட். வேறொரு கிரகத்தில் பிறந்தவன். மோட்டார் காரைத் தலைக்குமேல் தூக்குகிற பலசாலி. ஆனால் ஊருக்கு அவன் கிளார்க் கென்ட். மூக்குக் கண்ணாடி போட்ட, வாயில்லாப் பூச்சியான பத்திரிகை நிருபர்.

அந்த முதற் கதையிலேயே ஒரு காட்சி வருகிறது. உடன் வேலை பார்க்கும் லோயிஸ் லேன் என்னும் பெண்ணைக் கிளார்க் நடன விடுதிக்கு அழைத்துச் செல்கிறான். முரடன் ஒருவன் வந்து வம்பு செய்கிறான். இரகசியம் வெளிப்பட்டுவிடுமே என்று கிளார்க் கோழையாக நடிக்கிறான். முரடனை அறைந்தது அந்தப் பெண்தான். அறைந்துவிட்டு, கிளார்க்கையும் கோழையென்று இகழ்ந்து, தனியே புறப்பட்டுப் போகிறாள். முரடர்கள் பின்தொடர்ந்து வந்து அவளைக் காரில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதன் பிறகே சூப்பர்மேன் வந்து மீட்கிறான்.

இந்தக் காட்சியில் இரண்டு செலவுகள் உள்ளன. கோழையென்ற பெயரை ஏற்றுக்கொண்டது கிளார்க்கின் சொந்தச் செலவு. அவன் கைக்காசு, அவன் இஷ்டம். ஓர் ஏழையின் பாக்கியைப் பேர் சொல்லாமல் கட்டிவிட்டு, ஊரார் கருமி என்று ஏசும்போது சிரித்துக்கொண்டே போகிறவனும் இந்த ரகம்தான். அவனைப் பொய்யன் என்று எவரும் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் காருக்குள் லோயிஸ் பட்ட பயம் இருக்கிறதே, அது யார் செலவு? அவளைக் கேட்டா எழுதினார்கள்?

இன்னொரு சங்கதியும் உண்டு. சூப்பர்மேனைப் பற்றிய செய்தியைச் சேகரிக்கும்படி பத்திரிகை ஆசிரியர் கிளார்க்கிடமே சொல்கிறார். பின்னாளில் வந்த ஸ்பைடர்மேன் கதையிலும் இதே கூத்துத்தான். ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கர் தானியங்கிக் காமிராவை வைத்துத் தன்னையே படமெடுத்து, படத்திலுள்ளவன் தானே என்பதை மறைத்துப் பத்திரிகைக்கு விற்கிறான். விதவையான பெரியம்மாவைக் காப்பாற்றப் பணம் வேண்டும் என்பது மெய். படத்தில் உள்ள சண்டையும் மெய். ஆயினும், ஏலத்தில் தன் ஆளையே கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றுகிறவனை நாம் என்ன சொல்வோம்? சரக்கு நல்ல சரக்காக இருந்தாலும், விற்கிறவன் யார், புகழ்கிறவன் யார் என்பது வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். “பெயர் வெளிப்பட்டால் பகைவர்கள் அவனை விட்டுவிட்டு அவன் வேண்டியவர்களைப் பிடிப்பார்கள், மறைப்பது அவர்களுக்காகவே” என்பார்கள். இது வெறும் சாக்கு அல்ல. 1973-இல் வந்த ஸ்பைடர்மேன் கதையே இதற்குச் சாட்சி. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பதை அறிந்துகொண்ட கிரீன் காப்ளின் என்னும் பகைவன், பீட்டர் நேசித்த குவென் ஸ்டேசி என்ற பெண்ணைத் தூக்கிச் சென்று பாலத்தின் மேலிருந்து தள்ளுகிறான். அவள் இறந்துபோகிறாள்.

ஆனால் அந்தக் கதையைத் திரும்பவும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பகைவனுக்கு இரகசியம் தெரிந்திருந்தது. ஆபத்துக்கு ஆளான பெண்ணுக்குப் பீட்டர் அதைச் சொல்லவே இல்லை. தன் உயிர் எதற்குப் பிணையாக வைக்கப்பட்டிருந்தது என்பது அறியாமலே அவள் பழகினாள். தெரிந்திருந்தால் விலகியிருக்கலாம்; அல்லது தெரிந்தே துணை நின்றிருக்கலாம். இரண்டில் எதையும் தெரிந்தெடுக்கும் உரிமை அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. இதை என்னால் பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை. ஒருவருடைய கையெழுத்தை வாங்காமலே அவரை ஜாமீன் போட்டதற்குச் சமம் என்றுதான் படுகிறது.

பெரியம்மாவின் விஷயமும் அப்படியே. “பலவீனமான கிழவி, கேட்டால் அதிர்ச்சியில் போய்விடுவாள்” என்று பீட்டர் பல்லாண்டுகள் மறைத்தான். 2001-இல் வந்த கதையில் அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் செத்துப் போகவில்லை. உட்கார வைத்துப் பேசுகிறாள். அவளுடைய திராணியை அவன்தான் குறைத்து எடை போட்டிருக்கிறான்! சூப்பர்மேன் கதையிலும், கல்யாணத்துக்கு நிச்சயமான பிறகு, 1991-இல் கிளார்க் தன் இரகசியத்தை லோயிஸிடம் சொல்கிறான். கல்யாணம் நடந்தது 1996-இல். உண்மையை முதலில் வைத்துவிட்டு உறவைப் பின்னால் வைத்தான், அது நியாயம்.

ஆகவே எனக்குத் தோன்றும் அளவுகோல் இதுதான். ஊராருக்கும் பகைவனுக்கும் தன்னை மறைப்பது குற்றமன்று. நன்மையை மறைவாகச் செய்வது மேன்மையுங்கூட. ஆனால் அந்த மறைப்பினால் வரும் நஷ்டத்தையோ ஆபத்தையோ யார் தாங்கப் போகிறாரோ, அவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. “அறிந்தாலே அவருக்கு ஆபத்தாயிற்றே” என்று கேட்கலாம். சிறு குழந்தையானால் ஒப்புக்கொள்கிறேன். புத்தியறிந்த மனிதரானால் அந்த ஆபத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவரே, நாமல்ல.

நம்மில் எவரும் பறக்கப் போவதில்லை. ஆயினும் முகமூடி நம்மிடமும் இருக்கிறது. கடை நொடித்துக் கொண்டிருக்கையில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் “எல்லாம் சுகம், வியாபாரம் நன்று” என்று எழுதுகிறவர்கள் உண்டு. மனைவி மக்கள் கலங்கக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் நாளில் கதவைத் திறப்பது யார்? அந்த மனைவியல்லவா? முன்பே அறிந்திருந்தால் நகையை விற்றிருப்பாளோ, செலவைச் சுருக்கியிருப்பாளோ, அல்லது ‘கடையைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள்’ என்றிருப்பாளோ. அதைச் சொல்லும் வாயை நாம் அடைத்துவிட்டோம்.

பேரேட்டின் ஒரு பக்கத்தை ஊருக்கு மறைக்கலாம். கூட்டாளிக்கு மறைக்கலாகாது. இரும்பு மனிதனுக்கும் அதுதான் கணக்கு, நமக்கும் அதுதான்.