தடுத்தவர்கள் யார்?

தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது சீடர்கள் அதட்டினார்கள். ஆண்டவர் சினங்கொண்டார் என்று புனித மாற்கு எழுதியிருக்கிறார் (10:13-14). தடுத்தவர்கள் பகைவரல்லர். அவருடனேயே நடந்து திரிந்தவர்கள்!

"ஏழைகளுக்குப் படிப்பில் அக்கறையில்லை" என்று கோவில் முற்றத்தில் நின்றே பேசுகிறவர்கள் உண்டு. கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாய் வாழும் கென்யா நாட்டைப் பாருங்கள். பெற்றோரும் செலவைச் சுமக்கட்டும் என்று 1980களின் இறுதியில் அங்கே ஒரு கொள்கை வகுத்தார்கள். கடன் கொடுத்தவர்களின் புத்திமதியும் அதுவே. வறியவர் பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். 2003 தை மாதம் அரசு ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கிற்று. அவ்வாண்டிலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து குவிந்தனர், வகுப்பறைகள் கொள்ளவில்லை. அப்படியானால் அக்கறையில்லாதிருந்தது யாருக்கு?

மறுவருடம் கிமானி மருகே என்ற 84 வயது முதியவரும் சீருடை அணிந்து, முதலாம் வகுப்பில் சிறுவரோடு அமர்ந்தார். வேதாகமத்தைத் தாமே வாசிக்கவேண்டுமென்பது அவருடைய ஆசை. 2009இல் கத்தோலிக்க திருச்சபையில் முடியப்பர் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்று, அவ்வாண்டே இறைவனடி சேர்ந்தார்.

யுனெஸ்கோ நிறுவனம் 2024இல் தந்த கணக்குப்படி, செல்வ நாடுகளில் பள்ளி வயதினர் நூற்றுக்கு 3 பேரே பாடசாலைக்கு வெளியே நிற்கின்றனர். மிக வறிய நாடுகளில் 33 பேர். இந்த முப்பது பேரையும் ஆண்டவர் எங்கே தேடுவார்?

நமக்கு 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. ஆயினும் சப்பாத்தும் கொப்பியும் இலவசமல்லவே. அவையில்லாமல் நம் பங்கில் வீட்டில் நிற்கிற பிள்ளை யார் என்று வின்சன்ட் டி போல் சபையார் இந்தக் கிழமையே விசாரிப்பார்களா?